சபா, கூத்துக்களம், நாடக மேடை: உள்ளே போன அனுபவத்தைச் சொல்லுங்கள்

மார்கழி ரசிகை:
சக்கர நாற்காலியில் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு முதல் பாதியை நான் சொல்ல வேண்டியதில்லை. தொலைபேசியில் கேட்டால் "சாய்தளம் இருக்கிறது, வாருங்கள்" என்பார்கள். உண்மையிலேயே இருந்தது. அது போய்ச் சேரும் பக்கவாட்டுக் கதவில்தான் பூட்டுத் தொங்கியது. சாவி யாரிடம் என்று தேடுவதற்குள் வர்ணம் முடிந்துவிட்டது. நான்கு இளைஞர்கள் ஓடி வந்தார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்காலியோடு என்னைத் தூக்கி முன்வாசல் படிகளில் ஏறினார்கள். சக்கரத்தைப் பிடித்துத் தூக்கினால் அது சுழன்று நாற்காலி சரியும். ஒருவருடைய சட்டைக் காலரை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அதையாவது மறந்திருப்பேன். கடைசித் துக்கடாவுக்கு முன் செயலாளர் மைக்கை வாங்கி, ஒரு சகோதரியைச் சுமந்து வந்த தொண்டர்களுக்கு நன்றி சொன்னார். அரங்கமே திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டியது. டிக்கெட் வாங்கிப் பைரவி கேட்கப் போனவள் நான். அந்தக் கைதட்டல் இன்னும் உறுத்துகிறது.

மொட்டைமாடி மேடை:
சகோதரி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் அந்தப் பையன்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓடி வர ஆளில்லாத இடங்கள்தான் அதிகம். நாங்கள் வாடகை வீட்டின் மாடியில் சிறிய நாடகக் குழு நடத்துகிறோம். லிஃப்ட் கிடையாது. சுவரில் ஆணி அடிக்கவே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும்.

ஒரு மாலை மேலே விளக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பக்கச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரில் ஒருவர் வந்து நின்றார். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு இறங்கி, படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். எங்கள் சுவரொட்டியை நின்று முழுக்கப் படித்தார். பிறகு ஊன்றுகோலை வண்டியில் செருகிவிட்டுக் கிளம்பினார். நான் கீழே ஓடி வருவதற்குள் தெருமுனை தாண்டிவிட்டார். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

முழக்கோல்:
நான் கட்டடப் பொறியாளர். என் அனுபவம் சிறியது. என் அக்கா போலியோவால் நடக்க இயலாதவர். ஓர் அரங்கில் அவருக்காகப் போட்டிருந்த சாய்தளம் ஏறக்குறைய ஏணிபோல நின்றது. பின்னால் நின்று தள்ளிய எனக்கே கால் வழுக்கியது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இதற்குக் குறைந்தால் அது சாய்தளமே இல்லை. அரை அடி உயரமுள்ள மூன்று படிகள் என்றால் பதினெட்டு அடி ஓட வேண்டும். பெரும்பாலான இடங்களில் ஆறடியில் முடித்துவிடுகிறார்கள். அகலம் 120 செ.மீ. வேண்டும், இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும், மேலே ஏறியதும் நாற்காலி நிற்கச் சமதளம் வேண்டும். கதவைத் திறந்தால் 90 செ.மீ. வழி கிடைக்க வேண்டும். கழிவறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். அந்தக் கழிவறையில் துடைப்பத்தையும் உடைந்த நாற்காலிகளையும் அடுக்கிப் பூட்டிவைக்கக் கூடாது.

மொட்டைமாடி நண்பரே, வாடகை வீடு என்பது பதில் ஆகாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பொதுக் கட்டடம் என்று சொல்லும்போது, மக்கள் கலைநிகழ்ச்சிக்கு வந்துபோகும் தனியார் கட்டடமும் அதில் அடங்குகிறது. விதிகள் 2017இல் வந்தன. பழைய கட்டடங்களைச் சீராக்கக் கொடுத்த ஐந்து ஆண்டுகள் 2022இல் முடிந்துவிட்டன. இந்த அளவுகோல்களை வெறும் பரிந்துரையாக வைத்திருக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மாடியை மாற்ற முடியாவிட்டால் நாடகத்தைத் தரைக்குக் கொண்டுவாருங்கள். பள்ளி மைதானம் போதும்.

இன்னொன்று, கட்டினால் மட்டும் போதாது. மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே போக மணலின் மேல் மரப்பாதையை 2022 நவம்பரில் திறந்தார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பழுதுபார்க்கவும் பணம் ஒதுக்கிவைக்க வேண்டும்.

செவிவழி:
எல்லோரும் படியையும் சாய்தளத்தையும் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பார்வை இல்லை. படி ஏறுவது எனக்கு ஒரு பொருட்டே அல்ல. நாடகத்தில் திடீரென்று எல்லோரும் சிரிப்பார்கள். மேடையில் வசனமே இருக்காது. பக்கத்தில் இருக்கும் தம்பி காதில் சொல்லத் தொடங்கினால் முன்வரிசையிலிருந்து "உஷ்" என்று வரும். எதற்குச் சிரித்தார்கள் என்று வீட்டுக்கு வந்துதான் தெரிந்துகொள்வேன்.

விழுப்புரம் பக்கம் ஒரு கூத்துக்குப் போனபோது, ஒப்பனைக் கொட்டகைக்குள் தம்பி என்னை அழைத்துச் சென்றான். துரியோதனன் வேடக்காரர், பெரியவர், தன் கிரீடத்தை என் மடியில் வைத்தார். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியது, அவ்வளவு பெரிதாக இருந்தும் கை வலிக்காத எடை. ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டு ஒவ்வொன்றையும் தடவினேன். புஜக்கட்டை, மார்புப் பதக்கம், கால் சலங்கை எல்லாம் தந்தார். விடியவிடிய நடந்த கூத்தில், அவர் கிறுகிறுவென்று சுற்றும்போது சலங்கைச் சத்தத்தோடு அந்தக் கிரீடமும் சுற்றுவது எனக்குத் தெரிந்தது. அவரிடம் யாரும் சட்டம் சொல்லவில்லை. டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் தொட்டுப் பார்ப்பதற்கென்றே சிற்பங்களின் மாதிரிகளை ஒரு கூடத்தில் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் அரங்குகளில் திரை விலகுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குவது அவ்வளவு கடினமா?

ஸ்ருதி அம்மா:
என் மகனுக்கு ஆட்டிசம். தம்பூரா தொடங்கியதும் அவனும் அதே ஸ்ருதியில் முனகுவான். முன்னிருக்கைக்காரர் திரும்பி முறைத்தார், தொண்டர் வந்து வெளியே போகச் சொன்னார். போனோம். வாசலில் செருப்பு மாட்டும்போது "அம்மா, பாட்டு இன்னும் இருக்கிறதே" என்றான். கதவோரம் நான்கு இருக்கைகளை எங்களைப் போன்றவர்களுக்கு விட்டு, "இங்கே எழுந்து நடக்கலாம், சத்தம் வரலாம்" என்று முன்கூட்டியே அறிவித்தால் போதும். பெரிய செலவில்லை.

கைமொழி:
நான் காது கேளாதவன். ஒரு நாடகத்துக்குச் சைகைமொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தார்கள். நண்பர்கள் கூட்டமாகப் போயிருந்தோம். முதல் காட்சி அருமையாகப் போனது. தாய் இறக்கும் காட்சியில் மேடை விளக்கை ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். ஓரத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் மேலிருந்த விளக்கும் அணைந்தது. அவர் கைகள் அசைகின்றன என்பது தெரிகிறது, என்ன சொல்கிறார் என்பது தெரியவில்லை. எங்கள் வரிசையில் ஒருவன் தன் கைபேசி வெளிச்சத்தை அவர் மீது அடித்தான். அதையும் அணைக்கச் சொல்லிவிட்டார்கள். மகன் கடைசியாகத் தாயிடம் என்ன சொன்னான் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

முழக்கோல்:
தம்பி, மொழிபெயர்ப்பாளருக்குத் தனி விளக்கு, தனி சுவிட்ச். மேடை விளக்குகளோடு அதை இணைக்கவே கூடாது. அவருக்குப் பின்னால் ஒரே நிறத் திரை இருக்கட்டும். ஒத்திகைக்கே அவரை அழைத்தால் இருட்டாகும் காட்சி எது என்று அவரே சொல்லிவிடுவார். அவரைப் பார்க்க வசதியான இருக்கைகளை முன்பதிவிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும்.

மார்கழி ரசிகை:
மொட்டைமாடி அண்ணா, பையன்களை நான் குற்றம் சொல்லவில்லை. அவர்கள் நல்லவர்கள். என்னைச் சுமக்கத் தேவையே இல்லாதபடி சாய்தளம் கட்டிவிட்டு அதன் கதவைப் பூட்டி வைத்தவர்களைத்தான் கேட்கிறேன். அந்தக் கதவை யார் திறப்பார், எத்தனை மணிக்குத் திறப்பார் என்பதை அழைப்பிதழிலேயே அச்சிடலாம். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் என்னைக் கேளுங்கள். எங்கே பிடிப்பது என்று நானே சொல்வேன்.

மொட்டைமாடி மேடை:
சரி, சகோதரி. முழக்கோல் ஐயாவுடன் எனக்கு இன்னும் வாதம் இருக்கிறது, மைதானத்தில் காற்று வசனத்தை அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் எங்கள் வீட்டின் கார் நிறுத்தும் இடம் தரைமட்டத்தில்தான் இருக்கிறது, நாற்பது பேர் உட்காரலாம். வீட்டுக்காரரிடம் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் கேட்டுப்பார்க்கிறேன். வாசலில் ஒரு படி உண்டு, எட்டு அங்குலம். கழற்றி மாட்டும் பலகை போட்டால் எவ்வளவு நீளம் வேண்டும், ஐயா?

முழக்கோல்:
எட்டடி. பலகையின் மேல் சொரசொரப்பான பரப்பு இருக்கட்டும், இரண்டு ஓரத்திலும் சட்டம் அடியுங்கள். தெருவில் அவ்வளவு நீளத்துக்கு இடம் இருக்கிறதா என்று அளந்து சொல்லுங்கள்.