டொராண்டோ ஸ்னோ: டிரைவ்வே வாயில் விழும் பனி வரம்பைச் சமாளிப்பது (அனுபவப் பகிர்வு)

ஸ்காபரோ, நோர்த் யோர்க் பக்கம் புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு: தெருப் பனியை வழிக்கிற வண்டி போன பிறகு டிரைவ்வே (வீட்டுக்குக் கார் ஏறும் பாதை) வாயை அடைத்துக்கொண்டு கிடக்கும் பனி வரம்புதான் விண்ட்ரோ. உள்தெருக்களுக்கு வண்டி வருவது 8 செ.மீ. விழுந்த பிறகுதான். அதன் பின்னால் சின்ன வண்டியொன்று வந்து சுமார் 3 மீட்டர் அகலத்துக்கு வாயைத் திறந்துவிடும். தார் தெரியும்வரை வழிக்காது. மிச்சம் எங்கள் வேலை. நெருக்கமான பழைய நகரத் தெருக்களில் இந்தச் சேவை கிடையாது. நடைபாதைக்குக் கணக்கு வேறு: டிசம்பர் முதல் பெப்ரவரி வரை 2 செ.மீ. விழுந்தாலே இயந்திரம் வரவேண்டும். வராவிட்டால் நகரசபையின் 311 எண்ணுக்கு அழையுங்கள்.

—

அண்ணை, வரம்பு பெரிதாகாமல் பார்க்கவும் வழியுண்டு. வீட்டிலிருந்து தெருவைப் பார்த்து நின்றால் வண்டி இடப்பக்கமிருந்து வரும். ஆகவே டிரைவ்வே பனியை வலப்பக்கம் குவியுங்கள். இடப்பக்கம் தெருவோரமாக 3 மீட்டர் நீளத்துக்கு வழித்து வெறுமையாக விடுங்கள். தகடு தள்ளிவரும் பனியில் பெரும்பகுதி அங்கேயே கொட்டிவிடும், வாயில் விழுவது குறையும். தெருவிலோ நடைபாதையிலோ மட்டும் தள்ளாதீர்கள். சட்டப்படியும் குற்றம், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் தள்ளுவண்டியோடு வரும் தாய்க்கும் நடைபாதையை விட்டால் வேறு வழியில்லை.

—

தம்பி சொன்னது சரி. ஆனால் விழுந்த வரம்பை இரவு முழுக்க விட்டுவைக்கக் கூடாது. உப்பும் சேறும் கலந்து அமுங்கிய பனி அது, காலையில் கல்லாகிவிடும். ஒற்றைக் கட்ட ஸ்னோ புளோவர் (ஒரே சுழலியால் பனியை அள்ளி வீசும் இயந்திரம்) அதில் ஏறிச் சறுக்கும்; அள்ள ஒன்று, வீச ஒன்று என்று இரண்டு சுழலி உள்ள இரட்டைக் கட்டம் வேண்டும். அதிலும் பாதி அகலமாக, மெதுவாகக் கொடுங்கள். ஐஸ் துண்டு சிக்கினால் ஷியர் பின் முறியும். முறிவதற்கென்றே செய்த ஆணி அது. அந்த இடத்தில் சாதாரண போல்ட் போட்டால் அடுத்த முறை கியர்பாக்ஸ் போய்விடும். இரண்டு மூன்று பின் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். இயந்திரத்தின் வாய் அடைத்தால் இஞ்சினை நிறுத்தி, சுழற்சி நின்ற பிறகு தடியால்தான் கிளற வேண்டும். கையை விடவே கூடாது, நிறுத்திய பிறகும் இறுக்கத்தில் நிற்கும் தகடு சட்டென்று சுழலும்.

—

உப்பை அள்ளிக் கொட்டுகிறார்கள், தேவையில்லை. முதலில் வழித்துவிட்டு, காப்பிக் கோப்பை ஒன்று நிறையக் கல்லுப்பு போதும். நடைபாதைக் கட்டம் பத்துக்கு அது காணும். மைனஸ் 10க்குக் கீழே கல்லுப்பு சரியாக வேலை செய்யாது. அப்போது கல்சியம் குளோரைட், அல்லது வழுக்காமலிருக்க மணல். புதிதாகப் போட்ட கொங்கிரீட்டுக்கு முதல் குளிர்காலம் மணல் மட்டும்தான்.