டிவியில் தமிழ் சப்டைட்டில் உடைந்து வருகிறது, உதவி தேவை

நண்பர்களே, கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோவின் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ (2003) படத்துக்கு அப்பாவுக்காகத் தமிழ் சப்டைட்டில் எழுதி முடித்துவிட்டேன். டிவியில் போட்டால் எழுத்து சிதறுகிறது. ‘கொலை’யில் ககரத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கிறது.

அப்பா போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தென்கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை நடந்த தொடர் கொலைகள்தான் கதைக்கு அடிப்படை. படம் வந்தபோது கொலையாளி யாரென்றே தெரியாது. 2019ல்தான் டிஎன்ஏ வழியாக அடையாளம் கண்டார்கள். துப்பறிவாளர் கத்திக்கொண்டிருக்கும்போதே காலடித் தடத்தின் மேல் டிராக்டர் ஏறிப்போகும் காட்சியை அப்பா தமிழ் வசனத்தோடு பார்த்தே ஆக வேண்டும்.

டிவி 43 அங்குலம், ஆண்ட்ராய்டு இல்லாத பழைய ஸ்மார்ட் மாடல். சொந்த டிஸ்க்கிலிருந்து எடுத்த எம்கேவி வீடியோ கோப்பை பென் டிரைவில் போடுகிறேன். வசனம் உள்ள எஸ்ஆர்டி கோப்பை யுடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் சேமித்தாயிற்று, டிவியின் மொழியையும் மாற்றிப் பார்த்தாயிற்று. எழுத்துருவை உள்ளே சேர்த்து ஏஎஸ்எஸ் என்ற இன்னொரு சப்டைட்டில் வடிவத்துக்கு மாற்றினால் டிவி வசனத்தையே காட்டுவதில்லை. அதே கோப்பு லேப்டாப்பில் விஎல்சி பிளேயரில் சுத்தமாக ஓடுகிறது. ஆனால் லேப்டாப்பில் டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ போர்ட் வேலை செய்யாது, அப்பாவுக்குச் சின்னத் திரையில் படிக்கக் கண் ஒத்துழைக்காது.

மிச்சமிருப்பது வசனத்தைப் படத்திலேயே பதிப்பதுதான். மழை இரவுக் காட்சிகள் கட்டம் கட்டமாகக் கெடாமல், தமிழ் எழுத்தும் உடையாமல் பதிக்க எந்த மென்பொருளை, என்ன செட்டிங்கில் பயன்படுத்த வேண்டும்?