ரதி மாமாவை மேடையில் பார்த்துவிட்டேன். காமனை எரிக்கிற இரவுக்கும் போக ஆசை, வழி சொல்லுங்கள்

பொகவந்தலாவைப் பிள்ளை
2025 ஜனவரி 20

எல்லோருக்கும் வணக்கம். நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். வயது 42, கொழும்பில் வேலை. கேள்விக்கு முன்னால் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் எரிந்துபோன கதையை மாசியில் ஆடுவதுதான் காமன் கூத்து. எங்கள் தோட்டத்துக் கூத்தில் மன்மதனின் மனைவி ரதியாக வேஷம் கட்டுகிறவர், என் அப்பாவோடு தேயிலைச் செடி வெட்டும் ஒரே கவ்வாத்துக் கூட்டத்தில் வேலை செய்தவர். இடது கைப் பெருவிரலில் கவ்வாத்துக் கத்தி வெட்டிய தழும்பு நீளமாக இருக்கும். பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் ரதி மாமா. சொந்தப் பெயர் எனக்கு வெகு காலம் தெரியாது. மற்றப் பிள்ளைகள் சினிமா நடிகர்களின் படத்தைக் கொப்பி அட்டையில் ஒட்டுவார்கள். எனக்கு அவர்தான் எல்லாம்.

எட்டு வயதில் ஒரு மாசி மாதம் ரதியும் மன்மதனும் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் ஆடி வந்தார்கள். அப்பாயி வாசல் திண்ணையான இஸ்தோப்பில் விளக்கு வைத்து, மஞ்சள் தண்ணீர் கரைத்து வைத்திருந்தது. ரதி குனிந்து என் தாடையைத் தொட்டுத் தூக்கிப் பார்த்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை பீலிக்குத் தண்ணீருக்குப் போனால், அங்கே அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கரியால் பல் விளக்கிக்கொண்டு நின்றார். நான் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். இரண்டும் ஒரே ஆள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆனால் அவர் ஆடிய பெரிய ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை. காமனை எரிக்கிற இரவில் எங்களை வெளியே விடமாட்டார்கள். வீரபத்திரன் வருவார், பிள்ளைகள் பயந்து காய்ச்சலில் விழும் என்று அப்பாயி தன் கம்பளிக்குள் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படுக்கும். விடிய விடியத் தப்புப் பறைச் சத்தம் கூரைத் தகரத்தில் அதிரும். விடியப்போகிற நேரத்தில் தப்பு நின்று, ஒரு பெண் அழுகிற மாதிரிக் குரல் மட்டும் வரும். யாரோ செத்துப்போய்விட்டார்களா என்று கேட்டேன். "நாளான்னைக்கு எந்திரிச்சிருவாரு, நீ படு" என்றது அப்பாயி.

1992இல் புலமைப்பரிசில் பரீட்சை பாஸாகி, அடுத்த வருஷம் டவுன் பள்ளிக்கூட விடுதிக்குப் போய்விட்டேன். மாசி எப்போதும் பள்ளி நடக்கிற காலம். பிறகு கொழும்பு, வேலை, கல்யாணம். அப்பா, அம்மா போன பிறகு தோட்டத்துக்குப் போக ஒரு வாசலும் இல்லை.

பொங்கலுக்கு ஹட்டனில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நேற்று அங்கே ஒரு மண்டபத்தில் பொங்கல் விழா. நிகழ்ச்சி நிரலில் "காமன் கூத்து, 30 நிமிடம்" என்று இருந்தது. எந்தத் தோட்டம் என்று எழுதவில்லை. திரை விலகியது. ரதி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. திரும்புவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடது தோள் இலேசாகச் சாய்ந்து நிற்கும் நிலை, கவ்வாத்து மலையில் நான் தேத்தண்ணிப் போத்தல் கொண்டுபோன போதெல்லாம் பார்த்தது.

அவருக்கு இப்போது 70 இருக்கும். முழங்கால் முழுதாக மடியவில்லை. ஆனால் ஓலை வந்து மன்மதன் கிளம்புகிறபோது, போகாதே என்று கையை விரித்து வழிமறித்தார் பாருங்கள், மண்டபத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. கண்ணாடி வளையலுக்கு மேலே அந்தத் தழும்பு தெரிந்தது. நான் அழுதேன். என் மகளுக்கு 11 வயது, அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மன்மதன் தவத்தைக் கலைக்கப் போகிற இடத்தில் நேரம் முடிந்தது என்று ஒலிவாங்கியில் நன்றி சொல்லிவிட்டார்கள்.

மேடைக்குப் பின்னால் போனேன். தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாகச் சொல்ல வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. அப்பாவின் பெயரை மட்டும் சொன்னேன். "அஞ்சாம் நம்பர் லயமா?" என்றார். அப்புறம், "மாசிக்கு வா பிள்ளே. எரியாம காமன் எங்க முடியும்?" என்றார்.

இனிக் கேள்வி. மகளை மட்டும் கூட்டிக்கொண்டு ஒரு பெண் இரவு முழுக்க அங்கே இருக்கலாமா? எந்த நாள் போனால் எரிப்பைப் பார்க்கலாம்? அவருடைய பாட்டைப் பதிவு செய்யக் கேட்பது மரியாதையாக இருக்குமா? பேரன் ஒருவன்தான் கற்றுக்கொள்கிறான் என்று அக்கா சொன்னாள்.


மடுல்சீமையான்
2025 ஜனவரி 21

தங்கச்சி, என் அப்பா எங்கள் தோட்டத்தில் கூத்தை நடத்தும் காமன் மாஸ்டராக இருந்தவர். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். தோட்டத்துக்குத் தோட்டம் முறை மாறும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றுவார்கள். எங்கள் பக்கம் கரும்பும் ஆமணக்கும் வைக்கோலும் வைத்துக் கட்டுவோம். அன்றைக்கே வேஷக்காரர்கள் காப்புக் கட்டி விரதம் தொடங்கிவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வளரும். ரதி, மதன் திருமணம், தட்சன் கதை, குறவன் குறத்தி எல்லாம் வரும். தேவர்களின் தூதன் ஓலை கொண்டுவருவது, ரதி தடுப்பது, மன்மதன் கேட்காமல் கரும்பு வில்லை எடுத்துக்கொண்டு போவது இதெல்லாம் கடைசி இரவில். நீங்கள் மண்டபத்தில் பார்த்தது அந்த இரவின் முதல் கால்வாசி. அப்புறம்தான் ஐந்து மலர்க்கணையும் சிவன்மேல் விழுவது, நெற்றிக்கண் திறப்பது, தீ வைப்பது. உங்கள் அப்பாயி சொன்னது ரொம்பச் சரி. மூன்றாம் நாள் மன்மதனை எழுப்புவார்கள், ஆனால் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். அழுத குரல் ரதி புலம்பல். எங்கள் அப்பா சொல்வார், ஆடத் தெரிந்தவன் பத்துப் பேர் இருப்பான், புலம்பத் தெரிந்தவன் ஒருவன்தான் என்று.

இந்த வருஷம் மாசிப் பௌர்ணமி மார்ச் 13, வியாழக்கிழமை. மெதின் போயா, எல்லோருக்கும் விடுமுறை. வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் சனிக்கிழமை உயிர்ப்பிப்பு வரைக்கும் இருக்கலாம். எதற்கும் தோட்டத்தில் கேட்டு நாளை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பதிவு பற்றி. வேஷத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள். எங்கள் பக்கம் காப்பு அவிழ்க்கும் வரை வேஷக்காரரைச் சொந்தப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடமாட்டோம். உயிர்ப்பிப்பு முடிந்து, வெற்றிலை பாக்கு வைத்து, உட்கார்ந்து கேளுங்கள். ஒரு கொப்பி கொண்டுபோய் எழுதிக்கொள்வதுதான் முறை. போனைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடிப்பது எனக்குப் பிடிக்காது.


பூண்டுலோயா டீச்சர்
2025 ஜனவரி 21

தங்கச்சி, தாராளமாக வாருங்கள். நான் மூன்று பிள்ளைகளோடு வருஷா வருஷம் போகிறவள். கூத்து நடக்கும் காமன் பொட்டலில் பெண்கள் ஒரு பக்கமாகப் படங்கு விரித்து உட்கார்ந்திருப்பார்கள். உங்களைப் பார்த்ததும் "யார் வீட்டுப் பிள்ளை" என்று கேட்டு நடுவில் உட்கார வைத்துவிடுவார்கள். தனியாக இருக்கிறோம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றாது.

குளிருக்குத்தான் தயாராக வர வேண்டும். கொழும்பில் இருந்து பழகிய உடம்பு. பிப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி விழுகிற ஊர் இது, மார்ச்சிலும் பின்னிரவு எலும்பைப் பிடிக்கும். மகளுக்குத் தொப்பி, காலுறை, தடித்த போர்வை. ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டி வையுங்கள். தேத்தண்ணி அங்கேயே வந்துகொண்டிருக்கும்.

வீரபத்திரன் வரும்போது மகளை உங்கள் மடியோடு வைத்துக்கொள்ளுங்கள். கயிறு கட்டிப் பிடித்திருப்பார்கள், அப்படியும் கூட்டம் சிதறும். எனக்கே இன்னும் நெஞ்சு அடிக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். ரதியையே பார்த்துக்கொண்டிருக்காமல் தப்புக்காரர்களையும் பாருங்கள். நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சிக் காய்ச்சி, விடியும் வரை ஓயாமல் அடிப்பவர்கள் அவர்கள். ரதியின் கால் எங்கே விழ வேண்டும் என்று சொல்வது அந்த அடிதான். உங்கள் மாமாவுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போனால், அவர்களுக்கும் சேர்த்து வாங்குங்கள்.


கோத்தகிரிப் பேரன்
2025 ஜனவரி 23

அக்கா, நான் இப்போது இருப்பது நீலகிரியில். என் தாத்தா மஸ்கெலியாக்காரர். 1964 இலங்கை இந்திய ஒப்பந்தத்தில் மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக எழுதினார்களே, அந்தக் கணக்கில் எங்கள் குடும்பமும் உண்டு. 1972இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, பிறகு டான்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தகரப் பெட்டியில் தாத்தா கொண்டுவந்த சாமான்களில் ஒரு கொப்பியும் இருந்தது. முழுக்கக் காமன் பாட்டு.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் படிக்க முடிகிறது. ஆனால் எந்த மெட்டில் பாடுவது என்று சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை. தாத்தா இருந்தபோது நான் கேட்கவில்லை, அப்போது எனக்கு கிரிக்கெட்தான் பெரிதாக இருந்தது. எங்கே இழுப்பது, எங்கே நிறுத்துவது, எந்த வரியைத் திரும்பப் பாடுவது, ஒன்றும் கொப்பியில் இல்லை.

மடுல்சீமை அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. எழுதிக்கொள்வது மட்டும் போதாது. மாமாவின் அனுமதியோடு குரலையும் பதிவு செய்யுங்கள் அக்கா. முகம் வேண்டாம் என்றால் போனைக் கவிழ்த்து வைத்தால் போதும்.


மடுல்சீமையான்
2025 ஜனவரி 23

கோபம் ஒன்றும் இல்லை தம்பி. அப்பாவின் குரல் எங்களிடமும் இல்லை. நீங்கள் சொல்வதுதான் சரி. தங்கச்சி, இரண்டையும் செய்யுங்கள்.


பொகவந்தலாவைப் பிள்ளை
2025 மார்ச் 18

போய் வந்துவிட்டோம். எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று நேற்றிலிருந்து துடித்துக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை மாலை நோர்வூட் வழியாகத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் பழைய காம்பராவில் இப்போது வேறு குடும்பம். அவர்களே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, பொட்டலுக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள். டீச்சர் சொன்னபடி பெண்கள் நடுவில் இடம் கிடைத்தது. குளிர், அப்பப்பா. வீரபத்திரன் வந்தபோது மகள் என் சேலைக்குள் புகுந்துவிட்டாள், ஆனால் போகலாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

முன்னிரவில் ரதியாக ஆடியது பேரன். மாமா காமன் மாஸ்டரோடு நின்று பின்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். இந்த வருஷம் அவர் ஆடமாட்டாரோ என்று எனக்கு மனம் இறங்கிவிட்டது. எரிக்கிற நேரம் வந்தது. வைக்கோலில் தீ பிடித்து, பனியில் நனைந்திருந்ததால் முதலில் புகைந்து, பிறகு ஒரேயடியாக எழும்பியது. தீ அடங்கும்வரைக்கும் யாரும் பேசவில்லை. தப்பு நின்றது. அப்போதுதான் பேரன் நகர்ந்துகொள்ள, வெள்ளைச் சேலை போர்த்திக்கொண்டு மாமா வந்தார். கிரீடம் இல்லை, வளையல் இல்லை. சாம்பல் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் மடியாததால் ஒரு காலை நீட்டித்தான் உட்கார முடிந்தது. அப்படியே தொடங்கினார்.

அதே குரல். கம்பளிக்குள் இருந்து நான் கேட்ட அதே குரல், கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு வெறும் அழுகை என்று நினைத்ததில் இத்தனை சொல் இருந்திருக்கிறது. தாலி கட்டிய நாளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிச் சிவனிடம் கணக்குக் கேட்கிறாள் ரதி. பக்கத்தில் இருந்த கிழவிகள் ஒவ்வொரு அடிக்கும் முன்னாலேயே அடுத்த வரியை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

சனிக்கிழமை எழுப்பினார்கள், காப்பு அவிழ்த்தார்கள். ஞாயிறு காலை வெற்றிலை, பாக்கு, ஒரு கம்பளிச் சட்டையோடு அவர் வீட்டு இஸ்தோப்பில் போய் உட்கார்ந்தோம். தப்புக்காரர்களுக்குக் கொண்டுபோனதை வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டேன் டீச்சர். பீலியில் நான் குடத்தைப் போட்டுவிட்டு ஓடியதைச் சொன்னேன். அவருக்கு அது ஞாபகம் இல்லை. அந்தக் குடத்தை யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று கேட்டார். அப்பாதான் என்றேன். கொஞ்ச நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதிவுக்குச் சம்மதித்தார். போனைக் கவிழ்க்கவும் வேண்டாம், நேராகவே வை என்றார். ஒரு வரி பாடி நிறுத்துவார், மகள் எழுதுவாள், பேரன் சரி பார்ப்பான். மதியத்துக்குள் திருமணப் பாட்டு மட்டும் முடிந்தது, கொப்பியில் ஏழு பக்கம். புலம்பலை அவர் பாடவில்லை. அது எரிந்த இடத்தில்தான் வரும், வீட்டு இஸ்தோப்பில் பாடக்கூடாது என்றார். நான் வற்புறுத்தவில்லை.

கோத்தகிரித் தம்பி, உங்கள் தாத்தா கொப்பியின் முதல் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். மாமாவிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். மஸ்கெலியாப் பக்கத்து மெட்டு கொஞ்சம் வேறாக இருக்கும், ஆனாலும் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்றார். சித்திரை லீவில் மறுபடி போகிறோம், அதற்குள் கிடைத்தால் நல்லது.