சலூனில் தொழில் பழக வரும் பையனுக்கு முதல் மாதமே சம்பளம் கொடுக்க வேண்டுமா?

மூன்றுநாற்காலி:
ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் மூன்று நாற்காலி போட்டுச் சலூன் நடத்துகிறேன். தொழிலுக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. போன வாரம் பாம்பனிலிருந்து ஒரு தாய் தன் பதினாறு வயது மகனை அழைத்து வந்து, "கடலுக்கு அனுப்ப மனமில்லை அண்ணே, இவனுக்குத் தொழில் கற்றுக் கொடுங்கள்; ஆனால் மாதம் ஐயாயிரமாவது வீட்டுக்கு வர வேண்டும்" என்றார். கற்க வருகிறவனுக்கு நான் சம்பளம் கொடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் மைத்துனர் அதைத் தவறு என்கிறார். ஆகையால் தொழில் தெரிந்தவர்கள் முன் வழக்கை வைக்கிறேன்.

முதல் ஆறு மாதங்களுக்குப் பழகுகிறவனால் கல்லாவில் ஒரு ரூபாய் கூடுவதில்லை. மாறாக, அவன் கை பட்டுக் கோணலாகிப் போன ஒரு தலை, தன் மச்சானையும் பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்து அழைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறது. இரட்டைச் சுழி உள்ள தலையில் உச்சியை ஒட்ட வெட்டினால் முடி முள்ளாக எழுந்து நிற்கும் என்பது ஒரு பையனுக்குப் புரிவதற்குள் நான் எத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு உருவாக்கிய மூவரில் ஒருவன் சென்னைக்குப் போனான், ஒருவன் துபாய்க்குப் போனான். மூன்றாமவன் என் கடையிலிருந்து அறுபது அடி தள்ளி வாடகைக்கு இடம் பிடித்து, என் வாடிக்கையாளர்களின் எண்களுக்கே திறப்பு விழா அழைப்பு அனுப்பினான். கற்றுக் கொடுப்பதே கூலி என்று நான் நினைப்பதில் என்ன பிழை?

வாடைக்காற்று:
அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நான் மண்டபத்தில் இரண்டு நாற்காலிக் கடை வைத்திருக்கிறேன். அந்தப் பையன் நின்ற இடத்தில் பதினேழு வயதில் நானும் நின்றிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் சேர்ந்த கடையின் பெயர் வேண்டாம். அங்கே பதினான்கு மாதங்கள் முடி கூட்டினேன், போர்த்தும் துணிகளைத் துவைத்தேன், தேநீர் வாங்கி வந்தேன், முதலாளி வீட்டுக் கேஸ் சிலிண்டரைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய் இறக்கினேன். பதினைந்தாவது மாதம்தான் கத்தரி கைக்கு வந்தது. அதுவும் மூத்த வேலையாள் ஒருவர் சொல்லாமல் நின்றுபோனதால். கற்ற பிறகுதான் தெரிந்தது, அடிப்படைக்கு அத்தனை மாதங்கள் தேவையே இல்லை என்று. மோதிர விரலை ஒரு வளையத்திலும் கட்டைவிரல் நுனியை மற்றதிலும் நுழைத்து, கீழ்த்தகடு அசையாமல் நிற்க, கட்டைவிரல் மட்டும் திறந்து மூட வேண்டும். இதை வெறுங்காற்றில் நாளுக்கு அரை மணி நேரம் செய்தால் சில வாரங்களில் கை படிந்துவிடும். ஊதிய பலூனில் நுரை தடவிச் சவரக்கத்தியை ஓட்டிப் பழகுவதற்கு யாருடைய கழுத்தும் தேவையில்லை. பலூன் வெடித்தால் பிடித்த கோணம் தவறு, அவ்வளவுதான். மெஷின் முனையில் மாட்டும் சீப்பான கார்டில் முதல் எண் மூன்று மில்லிமீட்டர் முடியையும் மூன்றாம் எண் கார்டு பத்து மில்லிமீட்டரையும் விடும் என்பதையும், இரண்டுக்கும் நடுவே கோடு தெரியாமல் இருக்க மணிக்கட்டை எந்த இடத்தில் வெளியே திருப்ப வேண்டும் என்பதையும் சொல்லிக் காட்டக் கடை அடைத்திருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை போதும். அது கையில் ஏறுவதற்குத்தான் மாதங்கள் ஆகும்.

நம் கரைக்கே உரிய வேலை ஒன்றும் உண்டு. இந்த உப்புக் காற்றில் ஓர் இரவு துடைக்காமல் வைத்த கத்தரியின் திருகைச் சுற்றிக் காலையில் துரு பூத்திருக்கும். அந்தக் கடையில் இருந்தவரை ஒவ்வோர் இரவும் எல்லாக் கத்தரிகளையும் துடைத்து, எண்ணெய் விட்டு, உறையில் போட்டவன் நான்தான். கல்லாவில் வரவு கூடவில்லை என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் மிச்சமான செலவைக் கல்லா காட்டாது. 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம் பழகுநருக்கு உதவித்தொகை உண்டு என்றே சொல்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட விதிகள், ஒன்பதாம் வகுப்போடு நின்றவருக்கும் மாதம் 5,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று வகுத்தன. அந்தத் தாய் வாய்க்கு வந்த தொகையைக் கேட்கவில்லை.

மூன்றுநாற்காலி:
சட்டத்தைச் சொன்னால் முழுவதையும் சொல்ல வேண்டும், தம்பி. அதே 2019 திருத்தத்தின்படி, குறைந்தது நான்கு பேர் வேலை செய்யும் இடம்தான் பழகுநரைப் பதிவு செய்ய முடியும். முப்பது பேர் இருந்தால்தான் கட்டாயம். என் கடையில் என்னையும் சேர்த்து மூவர். உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் வரை, ஒன்றிய அரசு ஏற்கிறதே, அந்தப் பணம் குளிரூட்டிய பெரிய சலூன்களுக்குப் போகுமே தவிர உச்சிப்புளிக்கு வராது.

வருமானத்தையும் பாருங்கள். படகு கடலுக்குப் போகிற நாளில் நாற்காலி காலி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் ஆட்கள் கரையில்தான் இருக்கிறார்கள், ஆனால் பாதிப் பேர் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள். வடக்கேயிருந்து தொழில் தெரிந்தே வரும் இளைஞரோ, வெட்டியதில் பாதிக்குப் பாதி என்று பேசி, முதல் நாளே சம்பாதித்துக் கொடுக்கிறார். பிறகு நான் எதற்காக ஒருவனை அடியிலிருந்து உருவாக்க வேண்டும்?

கீழைநங்கை:
நடுவில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். கீழக்கரையில் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்துகிறேன். எங்கள் பக்கம் தலைகீழ்: கற்க வரும் பெண்தான் எங்களுக்குக் கட்டணம் கட்டுகிறாள். பணம் கட்டியவளிடம் துடைப்பத்தைக் கொடுக்க முடியாது என்பதால் பாடம் ஒழுங்காக நடக்கிறது. பணமில்லாதவள் வாசலோடு நின்றுவிடுகிறாள் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஒன்றை மட்டும் ஆண்கள் சலூன்காரர்களிடம் கேட்க விரும்புகிறேன். தலைச்சாயம் பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் சிறிது தடவிப் பார்க்க வேண்டும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறதே, சாயக் கிண்ணத்தை நீங்கள் முதலில் தூக்கிக் கொடுக்கும் அந்தப் பையனுக்கு அதைப் படித்துக் காட்டியது யார்? நிக்காஹ்வுக்கு முதல் நாள் சாயம் பூசிக்கொண்ட மாப்பிள்ளை ஒருவர், இமைகள் வீங்கி, படமெடுக்கிறவர் முன் கண்ணைத் திறக்க முடியாமல் அமர்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கரை:
தேவிபட்டினத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சம்பளத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பையன் பத்தாம் வகுப்பு தேறினானா என்று இருவருமே கேட்கவில்லை. பதினான்கு வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பதைக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் தடுக்கிறது, பதினாறு வயதுக்காரனைச் சலூனில் சேர்க்கத் தடையில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்தக் கரையில் கத்தரி பிடித்தவனின் கண் வளைகுடாவின் மேல்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவனின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை (ECR) என்ற முத்திரை விழும். வேலைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அந்த அனுமதியை வாங்கிய பிறகே விமானம் ஏற முடியும், அதற்குள் இடைத்தரகர்கள் கறந்துவிடுவார்கள்.

1953-இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் குடும்பத் தொழில் என்று கொண்டுவந்த திட்டத்தை எதிர்த்த வீட்டிலிருந்து வந்தவன் நான். அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. முடிதிருத்துவோரையும் சேர்த்து 18 தொழில்களுக்கு கடனும் பயிற்சியும் தர ஒன்றிய அரசு 2023-இல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில், குறைந்தபட்ச வயதை 18-லிருந்து 35-ஆக உயர்த்த வேண்டும் என்று தமிழ்நாடு அரசு கேட்டதும், பிள்ளைகள் குலத்தொழிலிலேயே முடங்கிவிடுவார்களோ என்ற அதே அச்சத்தினால்தான். பிள்ளைகளைச் சீக்கிரம் தொழிலில் இறக்கிவிட வேண்டாம்.

வாடைக்காற்று:
ஐயா, பாஸ்போர்ட் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மற்றதில் எனக்கு மாறுபாடு உண்டு. குலத்தொழில் என்ற அச்சம் எங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தும். என் தந்தை சவரப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு என்னைப் படிக்கச் சொன்னதும் அதனால்தான். ஆனால் கடலோரக் குடும்பத்தின் மகன் ஒருவன் தானாக விரும்பி இந்தத் தொழிலைக் கேட்டு வருகிறான் என்றால், முடிவெட்டுவது பிறப்பால் வருவது என்ற எண்ணத்துக்கு அவனே மறுப்பு. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மாமாவின் கடை திறந்திருக்கும். பாம்பன் பையனுக்கு அண்ணனின் கடையை விட்டால் வேறு வாசல் இல்லை.

அறுபது அடி தள்ளிக் கடை வைத்தவனைப் பற்றி ஒரு சொல், அண்ணே. நானும் என் முதலாளியின் கடைக்கு எதிரில்தான் முதலில் இடம் தேடினேன். சம்பளம் வாங்காத பதினான்கு மாதங்களை நான் அவருக்குக் கொடுத்த கடனாகவே நினைத்திருந்தேன். அதை வசூலிக்கப் போவதாகத்தான் மனத்தில் இருந்தது. அட்வான்ஸ் அதிகம் கேட்டதால் மண்டபத்துக்கு வந்தேன்.

மூன்றுநாற்காலி:
கடன் என்று நீங்கள் எழுதிய அந்த வரியை நேற்று இரவு இரண்டு முறை படித்தேன். அறுபது அடி தள்ளிக் கடை வைத்தவனும் அப்படி நினைத்திருப்பானா என்று எனக்குத் தெரியவில்லை; கேட்கும் நிலையில் நாங்கள் இல்லை.

ஐயாயிரத்துக்கு நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, என் கணக்குப் புத்தகம் தாங்காது. மூன்றாயிரமும் மதிய உணவும் தருவேன். தலைக்கு இவ்வளவு என்ற பங்கு, அவன் தனியாக ஒரு தலையை முடிக்கும் நாளிலிருந்து தொடங்கும். கூட்டுவதை மூவரும் முறை வைத்துச் செய்வோம். ஆனால் சவரக்கத்தியில் என் பிடிவாதம் மாறாது: காய்ந்த இரத்தத்தில் ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும் என்பதால், ஒவ்வொருவருக்கும் பிளேடை மாற்றுவது யாரும் சொல்லாமலே அவன் கைக்குப் பழகும்வரை, பலூனைத் தாண்டி ஒரு கழுத்தையும் தொட விடமாட்டேன்.

வாடைக்காற்று:
மூன்றாயிரத்தில் பாம்பனிலிருந்து தினமும் பேருந்தில் வந்து போனால் அந்தத் தாயின் கைக்கு எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள், அண்ணே. நான்காயிரம் என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

பள்ளிக்கரை:
பையன் தேறவில்லை என்றால், பத்தாம் வகுப்புத் துணைத் தேர்வு வழக்கமாக ஜூலையில் வரும். எந்தப் பாடத்தில் நின்றான் என்று தெரிந்தால் மாலையில் என்னிடம் அனுப்பலாம்.

மூன்றுநாற்காலி:
அந்த அம்மாவின் எண்ணை நான் வாங்கி வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கடை இல்லை, பாம்பன் வரை போய் விசாரித்து வருகிறேன். நான்காயிரத்தைப் பற்றி அங்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன், தம்பி.