அண்டகம் அகற்றிய எலி ஏன் பருக்கிறது?

கேள்வி: நான் விலங்கியல் முதுகலை மாணவி. அண்டகங்கள் அகற்றப்பட்ட பெண் எலிகள் சில வாரங்களில் பருத்துவிடுவதாகப் படித்தேன். அண்டகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜென் என்னும் ஹார்மோன் பசியைக் குறைக்கிறதா, ஆற்றல் செலவைக் கூட்டுகிறதா?

மறுமொழி 1: இரண்டும் உண்டு, ஆனால் எலியில் பசியின் பங்கே தெளிவாகத் தெரிகிறது. நான்கைந்து நாள் நீளும் அதன் இனப்பெருக்கச் சுழற்சியில், ஈஸ்ட்ரோஜென்களில் முதன்மையான எஸ்ட்ரடையால் உச்சத்தைத் தொட்டபின் வரும் வேட்கைக்கால இரவில் எலி வழக்கத்தைவிடக் குறைவாகவே உண்ணும். உண்ணும் தடவைகள் குறைவதில்லை. ஒவ்வொரு தடவையும் உண்ணும் அளவுதான் சுருங்குகிறது. குடலில் சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் தரும் நிறைவுணர்வை எஸ்ட்ரடையால் வலுப்படுத்துவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அண்டகம் அகற்றிய எலிக்கு எஸ்ட்ரடையாலை மட்டும் திரும்பக் கொடுத்தாலே உணவும் எடையும் பெருமளவு பழைய நிலைக்கு இறங்குவது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

மறுமொழி 2: சுண்டெலியை இதே கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், அம்மா. அதில் பல வேளைகளில் உணவு கூடாமலேயே, அசைவும் ஆற்றல் செலவும் குறைந்து கொழுப்பு சேர்கிறது. நீங்களே அளப்பதானால், கூண்டின் அடியில் மரத்தூளோடு கலந்து கிடக்கும் உணவுத் துணுக்குகளையும் சலித்து எடைபோடுங்கள். இல்லாவிட்டால் சிந்தியதெல்லாம் தின்றதாகக் கணக்காகிவிடும்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. அண்டகத்தின் மற்றொரு ஹார்மோனான புரொஜெஸ்டிரோனுக்குப் பங்கு இல்லையா?

மறுமொழி 1: அண்டகமற்ற எலிக்கு அதைத் தனியே கொடுத்தால் பெரிய மாற்றம் இராது, எஸ்ட்ரடையாலோடு அதிக அளவில் சேர்த்தால், எஸ்ட்ரடையாலின் பசிக்குறைப்பு விளைவை எதிர்க்கும்.