1940 ஆங்கிலப் படம் 'பாக்தாத் திருடன்': உங்களை விடாத காட்சி எது?

வாணலி:
புயலில் கரை ஒதுங்கிய சபு (குட்டித் திருடன் அபுவாக நடித்தவர்) குப்பியைத் திறக்க, பூதம் கிளம்பி அவனை மிதிக்கக் காலைத் தூக்கும். "இத்துனூண்டு குப்பிக்குள் நீயா இருந்தாய்?" என்று சீண்டித் திரும்ப அடைத்துவிடுவான். அப்புறம் மூன்று வரம். முதல் வரத்தில் என்ன கேட்கிறான்? பசிக்கிறது, அம்மா செய்வது மாதிரி சாசேஜ். உடனே வாணலி வந்துவிடும், சுடச்சுட. நாங்கள் பார்த்தது கல்லூரி விடுதியில், ஞாயிறு இரவு. மெஸ் மூடியாச்சு. ஐந்து பேருக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். "முட்டாப்பய, அரண்மனை கேட்டிருக்கலாமே" என்று அறையே சிரித்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் வராண்டாவுக்குப் போய்விட்டேன்.

ஆச்சி பேரன்:
எங்கள் வீட்டில் வேறு கூத்து. 1960இல் வந்த எம்ஜிஆர், வைஜயந்திமாலா படம் என்று நினைத்து ஆச்சி வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டார். "எம்ஜிஆர் எப்பய்யா வருவாக?" என்று அரை மணிக்கு ஒரு தரம் கேள்வி. பல கை முளைத்த வெள்ளிப் பொம்மை இளவரசியின் அப்பா சுல்தானைக் கட்டிப்பிடித்து முதுகில் கத்தியை இறக்கியதும் பேச்சு நின்றது. பாக்குவெட்டிக்கு நடுவில் பாக்கு அப்படியே இருந்தது, வெட்டவில்லை. ஹாலிவுட்காரன் அப்பவே மிரட்டியிருக்கான்!

நீலக்கோடு:
ஹாலிவுட் இல்லை, ஆச்சி பேரன். தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா இங்கிலாந்தில் டென்ஹாம் ஸ்டுடியோவில் தொடங்கிய படம். 1939இல் போர் வந்ததால் மிச்சத்தை அமெரிக்காவில் முடித்தார்கள். என் கதை சின்னது. திரையரங்கில் பார்த்தபோது பூதத்தின் ஓரத்தில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. பக்கத்து இருக்கைப் பையன் "கிராபிக்ஸ் மொக்கை" என்றான். தம்பி, இது தந்திரக் காட்சி நிபுணர் லாரி பட்லர் நீலத்திரை முன் எடுத்து ஒட்டியது, ஆஸ்கர் வாங்கியது என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

ஆச்சி பேரன்:
மிச்சம் அமெரிக்கா என்றால் பாதி ஹாலிவுட்தானே?

ரெண்டு பிள்ளை அப்பா:
வில்லன் ஜாபர் சபுவை நாயாக மாற்றியதிலிருந்து என் மகள் தெருநாய்களிடம் எல்லாம் "நீ சபுவா?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான் என் அனுபவம். பிள்ளைகளுக்குக் காட்டப்போகிறவர்கள் கவனிக்க: ஒரே மூச்சில் காட்டாதீர்கள், 106 நிமிடம். இளவரசியைக் கப்பலில் கொண்டுபோகிற இடத்தில் நிறுத்தி, சாப்பாடு போட்டுவிட்டுத் தொடருங்கள். கோயிலுக்குள் ராட்சதச் சிலந்தி வரும்போது விளக்கைப் போட்டுவிடுங்கள். டிவியில் காட்சியை வழவழப்பாக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கம்பளம் பறப்பது சீரியல் மாதிரி இருக்கும். 'அலாதீன்' கார்ட்டூனைப் பிறகு காட்டுங்கள். ஜாபர், அபு என்ற பெயர்கள் அதற்கு முன்பே இந்தப் படத்தில் வந்தவை என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். சபு மைசூர்ப் பக்கத்து மாவுத்தர் மகன் என்பதையும் சொல்லுங்கள், கண் விரியும். பிறகு, வாணலி தம்பி, விடுதி அறையில் எப்போதும் ஒரு டப்பா அவல் இருக்கட்டும். வெல்லமும் கொஞ்சம். தண்ணீர் தெளித்தால் போதும், அடுப்பே வேண்டாம். வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது.

வாணலி:
அண்ணே, நான் விடுதியை விட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு.