பின்பக்கம் தூக்கிய வண்டி, உட்கார்ந்த வண்டி: ஸ்பிரிங் மாற்றியவர்கள் பட்டதும் கற்றதும்

எம்.ஜி.பி. வைத்திருப்பவர்:

என்னுடையது 1971 எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், கூரை திறக்கும் வகை. வாங்கும்போதே பின்பக்கம் உட்கார்ந்திருந்தது. டிக்கியில் ஒரு பையை வைத்தால் போதும், பள்ளத்தில் இறங்கும்போது அச்சு மேலே போய் ரப்பர் தடுப்பில் ‘டொக்’ என்று இடிக்கும். கீழே படுத்துப் பார்த்தேன். வண்டி சும்மா நிற்கும்போதே லீஃப் ஸ்பிரிங்கின் பட்டைகள் தலைகீழாக வளைந்திருந்தன. சரி, ஸ்பிரிங் செத்துவிட்டது, புதிதாக ஒரு ஜோடி போட்டுவிடலாம் என்று முடிவெடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அவசரத்துக்கு ஒரு வருடம் அலைந்தேன்.

ஆர்டர் கொடுக்கும்போது ‘எம்.ஜி.பி. பின் ஸ்பிரிங்’ என்று மட்டும் சொன்னேன். வந்ததை மாட்டி ஜாக்கியை இறக்கினால், தரையை மோப்பம் பிடிக்கும் நாய் மாதிரி மூக்கு கீழே, பின்பக்கம் மேலே. எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை வந்த வண்டி. 1974 கடைசியில் குரோம் பம்பர் போய் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. அமெரிக்க பம்பர் உயர விதிக்காக அப்போது உடலையே தூக்கிவிட்டார்கள், அதற்கேற்ப ஸ்பிரிங்கும் மாறியது. கூரை நிலையாக உள்ள ஜி.டி. வகை கனமான வண்டி என்பதால் அதற்குத் தனி ஸ்பிரிங். எனக்கு வந்தது ரப்பர் பம்பர் வண்டிக்கானது. கேட்டவன் ஆண்டையும் உடல் வகையையும் சொல்லவில்லை, கொடுத்தவரும் கேட்கவில்லை.

“ஓட்டு, தானாக இறங்கிவிடும்” என்று சொல்லாத ஆளில்லை. புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் படியும் என்பது உண்மைதான். என்னுடையது 8 மில்லிமீட்டர் படிந்தது. எனக்கு வேண்டியதோ 30-க்கு மேல். இதில் இன்னொரு சங்கடம் உண்டு. இந்த வண்டியில் அச்சு அளவுக்கு மீறிக் கீழே தொங்காமல் இருக்க ரப்பர் வார் ஒன்று கட்டியிருக்கும். உடல் மேலே போனதும் அந்த வார் எப்போதும் விறைப்பாகவே நின்றது. சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க வேண்டிய நேரத்தில் வார் அதைப் பிடித்து இழுக்கும். பின்பக்கம் துள்ளிக்கொண்டே வரும்.

பிறகு ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் 25 மில்லிமீட்டர் அலுமினியக் கட்டை வைத்து, நீளமான யூ போல்ட் போட்டேன். உயரம் சரியானது. ஆனால் மனசு ஒப்பவில்லை. தவறான ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு அதன் தவற்றை மறைக்கக் கட்டை வைப்பது, பெரிய செருப்பு வாங்கிவிட்டுப் பஞ்சு திணிப்பது போலத்தான். உங்களில் யாருக்கு என்ன நடந்தது, சொல்லுங்கள்.

லேத் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்:

தம்பி, முதலில் ஒரு கேள்வி. பழைய ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கு முன் உயரத்தை அளந்து எழுதி வைத்தீர்களா? வைத்திருக்க மாட்டீர்கள். நானும் வைக்கவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

எனக்கு ஒரு பழைய செடான். வலது பின்பக்கம் 15 மில்லிமீட்டர் தாழ்வு. ஜோடியாகப் புது ஸ்பிரிங் போட்டேன், அப்படியே 15. இடதையும் வலதையும் மாற்றிப் போட்டேன், அப்போதும் 15. பிறகு ஒரு வயசான மெக்கானிக் வந்து, முன்பக்கக் குறுக்குச் சட்டத்தின் நட்டநடுவில் ஜாக்கி வைத்து, முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும் வரை தூக்கினார். பின்பக்கம் கண் முன்னாலேயே சமமாகிவிட்டது! நோய் முன்னால் இருந்திருக்கிறது. இடது முன் ஸ்பிரிங் அதன் இருக்கையில் சரியாக உட்காராமல் அந்த மூலையைத் தூக்கிக்கொண்டிருந்தது. ஒரு மூலை எழுந்தால் அதற்குக் குறுக்கே உள்ள மூலை தாழும், நாலு கால் கட்டில் மாதிரி. அப்படித் தூக்கியும் பின்பக்கம் சாய்ந்தே நின்றால்தான் பின் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

அளப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு: தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்று ஏமாற்றும். சக்கர மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, பின்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விட்டு, ஒரு வண்டி நீளம் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளந்தால் சக்கரங்கள் உள்வாங்கி நின்று பொய் சொல்லும். டேங்கில் எவ்வளவு பெட்ரோல் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், 50 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட 37 கிலோ. மட்கார்டில் தகர வேலை நடந்த வண்டியா? அப்படியானால் விளிம்பை நம்பாமல் சட்டத்தில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள்.

காயில் ஸ்பிரிங் வண்டிக்காரர்:

அண்ணா சொன்னது அத்தனையும் சரி. நான் செய்த தப்பு வேறு மாதிரி. “கொஞ்சம் கடினமான ஸ்பிரிங் போட்டால் வளைவில் சாயாது” என்று அதே நீளத்தில் கடினமான காயில் (சுருள் ஸ்பிரிங்) வாங்கினேன். வண்டி எழும்பி நின்றது. கணக்குப் போட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

ஒரு பின் சக்கரத்தின் மேல் 300 கிலோ சுமை, ஸ்பிரிங் அச்சின் மேல் நேராக நிற்கிறது என்று வைப்போம். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 20 நியூட்டன் விசை கேட்கும் ஸ்பிரிங் அந்தச் சுமையில் சுமார் 147 மில்லிமீட்டர் அமுங்கும். 25 நியூட்டன் ஸ்பிரிங் 118 தான் அமுங்கும். இரண்டும் ஒரே நீளம் என்றால் வண்டி 29 மில்லிமீட்டர் மேலே நிற்கும். உயரம் மாறாமல் கடினம் மட்டும் கூட வேண்டுமென்றால், அந்த 29 மில்லிமீட்டர் குட்டையான ஸ்பிரிங் கேட்டு வாங்க வேண்டும். நான் கேட்கவில்லை.

அப்புறம் செய்தது அதைவிட மோசம். ஒரு சுற்றை அறுத்தேன். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் கடினமாகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. உயரம் இறங்கியது, முதுகெலும்பும் கூடவே இறங்கியது. நுனியைத் தட்டையாகத் தேய்த்த ஸ்பிரிங்காக இருந்தால் அறுத்த முனை இருக்கையில் உட்காரவும் உட்காராது. வெல்டிங் டார்ச்சால் சூடாக்கி இறக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம், எஃகின் பதம் போய்விடும்.

டபிள்யூ 123 மெர்சிடிஸ் வைத்திருப்பவர்:

எங்கள் வண்டியில் அறுக்கவெல்லாம் வேண்டாம். ஸ்பிரிங்கின் தலையில் உட்காரும் ரப்பர் தட்டே பல தடிமனில் வரும். தட்டின் ஓரத்தில் புடைப்புகள் இருக்கும், ஒன்று முதல் நான்கு வரை. புடைப்பு கூடக்கூடத் தட்டு தடிமன், ஒவ்வொரு படிக்கும் சுமார் 5 மில்லிமீட்டர். ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேரே இல்லாமல், சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் உட்பக்கம் நிற்பதால், 5 மில்லிமீட்டர் தட்டு சக்கரத்தில் அதைவிட அதிகமாகத் தெரியும். என் வண்டியில் ஒருபக்கம் மட்டும் தட்டை மாற்றினேன், சாய்வு போய்விட்டது. பழைய தட்டைப் பார்த்தால் பாதி தேய்ந்து கூழாகியிருந்தது. ஸ்பிரிங்கில் ஒரு குறையும் இல்லை.

ஸ்டேஷன் வேகன் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தட்டு வாங்க ஓடாதீர்கள். அதில் பின்பக்கம் எண்ணெய் அழுத்தத்தில் தானே சமன் செய்துகொள்ளும் ஏற்பாடு, கதை வேறு.

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருப்பவர்:

எனக்குச் சுருளும் இல்லை, பட்டையும் இல்லை, முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் முறுக்குத் தண்டுதான்! தண்டின் உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 பாகை, வெளியே ஒரு பல் என்றால் 8 பாகை சொச்சம். உள்ளே ஒன்றை ஒரு திசையிலும் வெளியே ஒன்றை எதிர்த்திசையிலும் நகர்த்தினால் நிகர மாற்றம் 1 பாகைக்கும் கீழே, சக்கரத்தில் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர். இதைக் கண்டுபிடித்தவருக்குக் கும்பிடு போடலாம். ஆனால் திசையைக் குழப்பிக்கொண்டு முதல் தடவை 17 பாகை திருப்பிவிட்டேன். வண்டி வெட்டுக்கிளி மாதிரி நின்றது. என்னுடையது பழைய ஊசல் அச்சு வகை, சக்கரம் ஏறி இறங்கும்போது அச்சோடு சேர்ந்து சாயும். பின்பக்கம் உயர்ந்தால் சக்கரங்களின் அடி உள்ளே மடங்கும், வேகமாக வளைவில் போனால் ஆபத்து. வீட்டு வாசலைக்கூடத் தாண்டாமல் திரும்பக் கழற்றினேன்.

எம்.ஜி.பி. வைத்திருப்பவர்:

கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். குரோம் பம்பர் வண்டிக்கான சரியான ஸ்பிரிங் கிடைத்தது. அதிலும் ஒரு சறுக்கல். ஸ்பிரிங்கின் முன் கண்ணில் (போல்ட் நுழையும் முன்முனை வளையத்தில்) போல்ட்டை வண்டி அந்தரத்தில் இருக்கும்போதே முறுக்கிவிட்டேன். ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு, வண்டியைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருந்தது. சக்கரம் தரையில் நின்று, எடை முழுவதும் விழுந்த பிறகு தளர்த்தி மறுபடி முறுக்கினேன். ‘க்ளுக்’ என்று ஒரு சத்தம், வண்டி கீழே உட்கார்ந்தது.

ஹெட்லைட்டையும் திரும்பச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பின்பக்கம் தூக்கியிருந்தபோது வெளிச்சம் பம்பருக்கு முன்னாலேயே விழட்டும் என்று யாரோ திருப்பி வைத்ததுபோல் இருந்தது, அதைச் சரிக்கட்ட நான் விளக்கை மேல்நோக்கி ஏற்றிவிட்டிருந்தேன்.

அண்ணா சொன்னபடி உருட்டிவிட்டு அளந்தேன். ஓட்டுநர் பக்கம் 3 மில்லிமீட்டர் உயரம். நான் ஏறி உட்கார்ந்ததும் என் பையன் மறுபடி டேப்பை வைத்துப் பார்த்தான். இரண்டு பக்கமும் ஒன்று.